எச்சரிக்கை கையில் இருந்தால் போதுமா?
காலநிலை மாற்றமும் சங்கத்தின் வேலையும்

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள், இளைஞர் பிரதிநிதிகளுக்கான தொழிற்சங்கப் பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு, "காலநிலை மாற்றம் பற்றிய தீர்மானங்களை யார் எடுக்கிறார்கள்?" என்பதாகும். சம்பளம், காணி, வீடு என்று பேச எவ்வளவோ இருக்க, இது என்ன புதுக் கதை என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். நான் பேசப் போவதும் சம்பளம், காணி, வீடு பற்றித்தான்.

2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா சூறாவளியை யாரும் மறந்திருக்க மாட்டோம். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. அதற்கு முன், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. கேரளத்து மூணாறு பக்கம் பெட்டிமுடியில் 2020 ஓகஸ்ட் 6ஆம் திகதி இரவு இதேபோல லயங்கள் புதைந்து 70 பேர் இறந்தார்கள். அவர்களும் நம்மைப் போலத் தேயிலைத் தோட்டத்தை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள்தான். நாடு வேறு, கம்பனி வேறு; ஆனால் சரிவின் அடியில் லயம் கட்டி ஆட்களை வைத்த முறை ஒன்றுதான்.

இந்த மழைகளுக்கும் உலகம் சூடாவதற்கும் தொடர்பு இருக்கிறது. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆகவே கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டுகிறது. பெய்யாத காலத்தில் மண் இன்னும் வேகமாகக் காய்கிறது. இரண்டும் நம் தலையில்தான் விழுகின்றன.

உடன்படிக்கைகள் செய்ததும் செய்யாததும்

இதைத் தடுக்க உலக நாடுகள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1992இல் ஐக்கிய நாடுகளின் காலநிலை மாற்றச் சமவாயம் வந்தது. 1997இல் கியோட்டோ ஒப்பந்தம், 2015இல் பாரிஸ் உடன்படிக்கை. பாரிஸ் உடன்படிக்கையின் முகவுரையில், மாற்றம் தொழிலாளருக்கு நீதியானதாக இருக்க வேண்டும் என்ற கருத்து இருக்கிறது. உலகத் தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகள் போராடி அதை உள்ளே கொண்டுவந்தன.

ஆனால் அந்த உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே எழுதிக்கொள்கிறது. இலக்கை எட்டாவிட்டால் தண்டனை கிடையாது. அமெரிக்கா இரண்டு தடவை விலகுவதாக அறிவித்தது. யாரும் தடுக்க முடியவில்லை. உலகம் வெளியேற்றும் வாயுக்களில் இலங்கையின் பங்கு நூற்றில் ஒன்று கூட இல்லை. பாதிப்பு மட்டும் நிறைய வருகிறது. அப்படிப்பட்ட நாடுகளுக்கு உதவ, இழப்பு மற்றும் சேதங்களுக்கான நிதியம் ஒன்றை 2022இல் எகிப்தில் கூடிய மாநாடு ஒப்புக்கொண்டது. நல்ல விடயம். ஆனால் அந்தப் பணம் நம்மைத் தேடித் தானாக வராது. கொழும்பில் எந்தப் பட்டியலில் நம் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வரும்.

உடன்படிக்கை எல்லாம் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருக்கத் தேவையில்லை என்று ஒரு பெண் சொன்னார். 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண் எலினோர் ஒஸ்ட்ரொம். நேபாளத்து விவசாயிகள் வாய்க்கால் தண்ணீரைத் தாங்களே எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பதையெல்லாம் ஆராய்ந்தவர். காலநிலைப் பிரச்சினையை ஒரே ஒரு பெரிய மேசையில் தீர்க்க முடியாது. கிராமம், நகரம், மாகாணம், நாடு, உலகம் என்று பல மேசைகளில் ஒரே நேரத்தில் வேலை நடக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

அந்த மேசைகள் எவை, அவற்றில் நமக்கு நாற்காலி இருக்கிறதா என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதல் மேசை: தோட்டம்

மண்சரிவு பற்றி அறிவிப்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அதன் கணக்கை ஒவ்வொரு தலைவரும் மனப்பாடம் செய்ய வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், அது மஞ்சள். 100 மில்லிமீற்றர் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், அது செம்மஞ்சள். 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றர், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் உடனே வெளியேற வேண்டும், அது சிவப்பு.

இதற்குப் படிப்புத் தேவையில்லை. தோட்டங்களில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து மழைக் கணக்கு எழுதி வருகிறார்கள். அந்தக் கணக்கு ஆபீஸ் புத்தகத்துக்குள் இருக்கிறது. அதைக் காலையில் பெரட்டுக் களத்துப் பலகையில் எழுதச் சொல்லுங்கள். மழைமானி இல்லாவிட்டால், அடியும் வாயும் ஒரே அகலமான தட்டையான டின் ஒன்றை வெட்டவெளியில் வையுங்கள். அடிமட்டத்தை விட்டுப் பாருங்கள். மூன்று அங்குலம் 75 மில்லிமீற்றர். ஆறு அங்குலம் 150. டின்னில் ஆறு அங்குலம் நிற்கும்போது லயத்தில் யாரும் படுத்திருக்கக் கூடாது. நிலத்தில் புது வெடிப்பு, சாயும் மரம், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது அல்லது நின்றுபோவது, கதவு திறக்க இறுகுவது, இவையும் அடையாளங்கள்தான். அப்போது அளவு பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மீரியபெத்தையில் முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தும் ஆட்கள் ஏன் அங்கேயே இருந்தார்கள்? படிப்பறிவு இல்லை, சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று சிலர் நம் சனத்தின் மீது பழி போடுகிறார்கள். அது அநியாயம். போக இடம் இருந்தால் யார் போகமாட்டார்கள்? காணி தோட்டத்துடையது. லயம் தோட்டத்துடையது. சொந்தமாக ஒரு பேர்ச் நிலம் இல்லாதவன் எங்கே போய்க் குடிசை போடுவான்? இரண்டு நாள் பாடசாலையில் தங்கினால் இரண்டு பேர் போய்விடும். வேலை நாள் குறைந்தால் வருகைக்கான கொடுப்பனவும் போய்விடும். வயிற்றையும் மலையையும் வைத்துக் கணக்குப் பார்க்கும்போது, மலை இன்றைக்கு விழாது என்றுதான் மனது சொல்லும்.

ஆகவே பிரச்சினை எச்சரிக்கை இல்லாதது மட்டுமல்ல. எச்சரிக்கை வந்ததும் எழுந்து போகும் பலம் நம் கையில் இல்லை. அந்தப் பலத்தை பாரிஸிலோ ஜெனீவாவிலோ இருந்து யாரும் அனுப்பி வைக்கமாட்டார்கள்.

கான் விடயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் கான் வெட்டுவது தோட்டத்தில் முறையான வேலை. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் கான் வழியாக ஓடிவிடும். இன்று எத்தனை தோட்டங்களில் மழைக்காலத்துக்கு முன் கான் துப்புரவாகிறது? செலவைக் குறைக்கிறோம் என்று முதலில் நிறுத்துவது இதைத்தான். தூர்ந்துபோன கானில் தேங்கும் தண்ணீர் சரிவை ஊறவைக்கிறது. கான் வெட்டக் கேட்பதும் காலநிலைப் போராட்டம்தான்.

இரண்டாம் மேசை: பிரதேச சபையும் பிரதேச செயலகமும்

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்று நீண்ட காலம் சொன்னார்கள். வாக்குக் கேட்க வரலாம், வடிகான் போட முடியாது! 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. இப்போது சபை தோட்டத்துக்குள் வேலை செய்யலாம். அதே 2018இல் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையும் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு சபைகளில் உறுப்பினர்களும் இருக்கிறார்கள். பாதுகாப்பான தங்குமிடம், வடிகான், வெளியேறும் பாதை ஆகியவற்றை அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். கிராம உத்தியோகத்தர் மட்டத்தில் அனர்த்தக் குழு கூடும்போது, தோட்டத்திலிருந்து ஒரு பெண்ணாவது அதில் இருக்க வேண்டும். இரவில் பிள்ளைகளையும் கிழவிகளையும் எழுப்பிக்கொண்டு ஓடுவது அவர்கள்தான்.

கையில் இன்னொரு ஆயுதமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். நம் தோட்டத்தைப் பற்றிக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிக்கை எழுதியிருக்கிறதா, எந்த லயம் அபாயமானது என்று குறித்திருக்கிறது, எத்தனை குடும்பங்களை இடம்மாற்றச் சொல்லியிருக்கிறது என்று எந்தப் பிரஜையும் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். அந்த ஒரு தாள் கையில் இருந்தால், பேச்சுவார்த்தையில் நம் குரலே வேறு மாதிரி இருக்கும்.

நம்மைக் கேட்காமல் எடுத்த முடிவு

நம் நாற்காலி இல்லாத மேசையில் எடுக்கும் முடிவு என்ன செய்யும் என்பதற்கு 2021 சாட்சி. அந்த ஆண்டு மே மாதம், நாட்டைச் சேதனப் பசளைக்கு மாற்றப் போகிறோம் என்று இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரேயடியாகத் தடை செய்தது. சுற்றுச்சூழல் என்ற பேரில்தான் செய்தார்கள். விவசாயியையும் கேட்கவில்லை, தோட்டத் தொழிலாளியையும் கேட்கவில்லை. நவம்பரில் தடையை நீக்கினார்கள். ஆனால் தேயிலைத் தூர் வர்த்தமானி பார்த்துக் கொழுந்து விடுவதில்லையே! 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 2022இல் சுமார் 251 மில்லியன் கிலோவாக விழுந்தது. கொழுந்து இல்லாத மலையில் சொன்ன கிலோ வருமா? வராத கிலோவுக்கு அரைப்பேர் வாங்கியது யார்?

மண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. மண்ணில் நிற்பவரைக் கேட்காமல் செய்தால் இப்படித்தான் முடியும் என்கிறோம்.

மூன்றாம் மேசை: தேயிலை வாங்குபவர்கள்

சில தேயிலைப் பக்கற்றுகளில் பச்சைத் தவளைப் படம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அது ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் என்ற அமைப்பின் முத்திரை. காடு, நீரோடை, இரசாயனப் பாவனை, தொழிலாளர் உரிமை ஆகியவற்றில் நிபந்தனைகள் வைத்து, பரிசோதகரை அனுப்பிப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். 2007இல் யுனிலீவர் கம்பனி, லிப்டன் தேயிலைப் பைகள் அனைத்தையும் 2015க்குள் இந்தச் சான்றிதழுக்குக் கொண்டுவருவதாக அறிவித்த பிறகு இது தேயிலை உலகம் முழுவதும் பரவியது.

இதுவும் ஒருவகை ஆட்சிதான். பாராளுமன்றம் போடாத சட்டத்தை வாங்குபவன் போடுகிறான். நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். மருந்தடிப்பவருக்குக் கையுறையும் முகமூடியும் கொடுக்க வேண்டும் என்பது போன்றவை இந்த நிபந்தனைகளில் இருக்கின்றன. ஆனால் பரிசோதகர் வரும் திகதி யாருக்குத் தெரியும்? அவர் யாரோடு பேசுகிறார்? அவர் எழுதும் அறிக்கை யார் கைக்குப் போகிறது? நாம் அதில் கையொப்பமிட்டவர்கள் அல்ல. ஆகவே மீறினால் கேட்கும் உரிமையும் நம் கையில் இல்லை.

வேறு வழி ஒன்று இருக்கிறது என்பதைப் பங்களாதேஷ் ஆடைத் தொழிலாளர்கள் காட்டினார்கள். 2013 ஏப்ரல் 24ஆம் திகதி, ராணா பிளாசா என்ற கட்டடம் இடிந்து 1,100க்கும் அதிகமானோர் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் வெடிப்புக் கண்டார்கள். கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தைக்கும் பெண்களை மட்டும் சம்பளத்தை வெட்டுவோம் என்று மிரட்டி உள்ளே அனுப்பினார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த தொழிற்சாலைகள் சிலவற்றில் அதற்கு முன் பரிசோதனைகள் நடந்திருந்தன. எச்சரிக்கை இருந்தது, சான்றிதழ் இருந்தது, "நான் போகமாட்டேன்" என்று சொல்லும் பலம் மட்டும் இல்லை. மீரியபெத்தையை நினைத்துப் பாருங்கள், தோழர்களே. வேறுபாடு ஏதும் தெரிகிறதா?

அடுத்த மாதமே ஓர் உடன்படிக்கை பிறந்தது. ஒரு பக்கம் சர்வதேச ஆடைக் கம்பனிகள். மறுபக்கம் உலகத் தொழிற்சங்க சம்மேளனங்களும் உள்நாட்டுச் சங்கங்களும். அரசாங்கங்கள் கையொப்பமிடாத ஒப்பந்தம், ஆனால் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். சுதந்திரமான பரிசோதகர்கள் வந்தார்கள். அறிக்கைகள் பகிரங்கமாக வெளியாகின. ஆபத்தான கட்டடத்துக்குள் போக மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. திருத்த வேலைக்காகத் தொழிற்சாலையை மூடினால் ஆறு மாதம் வரை வேலையும் வருமானமும் தொடர வேண்டும் என்றும் எழுதினார்கள். 200க்கும் மேற்பட்ட கம்பனிகள் அதில் சேர்ந்தன.

தேயிலையில் இதுபோல் ஒன்று ஏன் வரக்கூடாது? ஆபத்தான கட்டடம் என்று அவர்கள் எழுதிய இடத்தில், ஆபத்தான மலை, ஆபத்தான லயம் என்று எழுத வேண்டியதுதான். ஜேர்மனியில் 2023 முதல், பெரிய கம்பனிகள் தங்கள் விநியோகச் சங்கிலியில் தொழிலாளர் உரிமை மீறப்படுகிறதா என்று பார்க்க வேண்டும் என்ற சட்டம் இருக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளரும் முறைப்பாடு செய்ய வழி இருக்கிறது. ஐரோப்பாவில் இத்தகைய சட்டங்களைத் தளர்த்தும் முயற்சியும் நடக்கிறது. கதவு முழுவதாக மூடுமுன் அங்குள்ள சங்கங்களோடு கைகோக்க வேண்டும்.

நான்காம் மேசை: நீதிமன்றம்

2019 டிசம்பரில் நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம், வாயு வெளியேற்றத்தை 1990இல் இருந்த அளவிலிருந்து 25 சதவீதமாவது குறைக்க வேண்டும் என்று சொந்த அரசாங்கத்துக்கே கட்டளையிட்டது. 2015இல் பாகிஸ்தானில் ஒரு விவசாயி, காலநிலைக் கொள்கையை அரசாங்கம் தாளில் எழுதிவைத்துவிட்டுச் சும்மா இருக்கிறது என்று லாகூர் நீதிமன்றத்துக்குப் போனார். நீதிமன்றம் அதைச் செயற்படுத்த ஓர் ஆணைக்குழுவையே அமைத்தது.

நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. எப்பாவல பொஸ்பேற் சுரங்கத் திட்டம் தங்கள் காணியையும் குளங்களையும் அழித்துவிடும் என்று அந்த ஊர் மக்கள் சிலர் அடிப்படை உரிமை வழக்குப் போட்டார்கள். 2000ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி, உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் மனுப்போட வேண்டும். ஆகவே திகதி, கடிதப் பிரதி, புகைப்படம் எல்லாவற்றையும் கோவையில் வைத்திருங்கள். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் வழக்கு போய்விடும்.

நமது சொந்த மேசை: கூட்டு ஒப்பந்தம்

மேலே சொன்ன மேசைகள் மற்றவர்கள் போட்டவை. நாமே போட்ட மேசை கூட்டு ஒப்பந்தம். 2021இல் நாட்சம்பளம் சம்பள நிர்ணய சபையின் கைக்குப் போன பிறகு அது பழைய நிலையில் இல்லை. சம்பளத்தைச் சபை தீர்மானித்தாலும், மழை நாளில் என்ன செய்வது என்று அது சொல்லவில்லை. 2022 ஜூனில் சர்வதேச தொழில் தாபனம், பாதுகாப்பான, சுகாதாரமான வேலைச்சூழலை அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதன் உறுப்பு நாடு என்ற வகையில் இலங்கை அதை மதிக்கக் கடமைப்பட்டது. அதைக் காட்டி நாம் கேட்க வேண்டியவை இவை:

1. சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்ட பகுதியில், வெளியேறிய நாட்களுக்கு முழுப்பேர். வருகைக் கொடுப்பனவு வெட்டப்படக் கூடாது.

2. மின்னல், மண்வெடிப்பு, சரிவு அபாயம் உள்ள மலைக்குப் போக மறுப்பவருக்குத் தண்டனை இல்லை.

3. ஒவ்வொரு பருவ மழைக்கும் முன் கான் துப்புரவு. தலைவரும் தலைவியும் பார்த்துக் கையொப்பமிட்ட பிறகே வேலை முடிந்ததாகும்.

4. வரட்சியிலும் அடைமழையிலும் கொழுந்து குறையும்போது கிலோ அளவும் குறைய வேண்டும். வானம் செய்ததற்கு அரைப்பேர் கூடாது.

5. அபாயமானது என்று குறிக்கப்பட்ட லயங்களின் குடும்பங்களுக்கு, திகதி குறித்து, உறுதிப்பத்திரத்துடன் காணி. தற்காலிகக் கூடாரம் நிரந்தரமாகிவிடக் கூடாது.

6. மழைக் கணக்கும், சான்றிதழ்ப் பரிசோதனை அறிக்கையும் சங்கத்துக்குத் தமிழில் தரப்பட வேண்டும்.

இதில் எதுவும் கம்பனியை மூடிவிடும் கோரிக்கை அல்ல. வருடத்தில் எத்தனை நாள் சிவப்பு எச்சரிக்கை வருகிறது? அந்தச் சில நாட்களின் சம்பளத்தை, ஒரு லயத்தைத் தோண்டி உடல்களை எடுக்கும் செலவோடு வைத்துப் பாருங்கள். உயிருக்கு விலை போடவே வேண்டாம். கணக்குக்கு மட்டும் சொல்கிறேன்.

அடுத்த மழைக்கு முன்

இந்த வகுப்பிலிருந்து போகும் ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு மாதத்துக்குள் மூன்று காரியங்களை முடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, மழைமானியோ டின்னோ வைத்து, தினமும் அளவெடுக்கும் பொறுப்பை இரண்டு இளைஞர்களிடம் கொடுங்கள். இரண்டு, லயம் லயமாகப் போய்ப் படுக்கையில் இருப்பவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் யார் யார், இரவில் அவர்களை யார் தூக்கிக்கொண்டு போவது என்று எழுதுங்கள். அதை மாதர் சங்கம் பொறுப்பெடுக்கட்டும். மூன்று, தகவலறியும் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்புங்கள். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் மாவட்டக் காரியாலயத்துக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.

வந்து சேரும் பதில்களையும், கான்களின் நிலையையும், மழைக் கணக்கையும் ஒன்றாகக் கட்டி எடுத்துக்கொண்டுதான் அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போக வேண்டும். இருநூறு வருடமாக இந்த மலைகளில் எங்கே ஊற்று, எங்கே பாறை, எங்கே மண் இளகும் என்று நம் சனத்துக்குத் தெரியும். அந்த அறிவு இதுவரை எந்த ஒப்பந்தத்திலும் ஏறவில்லை. ஏற்றுவது நம் வேலை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.